பெட்ரோல் மீட்டரும் என் குச்சியும்

பெட்ரோல் வாடை பட்டாலே இப்போது குமட்டுகிறது. மூன்று வாரமாக ஒவ்வொரு ஞாயிறும் விமானத்தின் டாஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து பாருங்கள், உங்களுக்கும் குமட்டும். எல்லாம் அந்த அற்ப மீட்டரால்.

நானும் லின்ட்சியும் ஆறு வருடம் ஷெட்டில் பாடுபட்டுக் கையாலேயே கட்டிய இரண்டு இருக்கை விமானம் அது. போன கோடையில் மூக்குச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வால் சக்கரம் மாட்டினேன். மூக்கை நிமிர்த்திக்கொண்டு நின்றால்தான் நிஜ விமானம் என்று அடம்பிடித்தது நான். அதற்கப்புறம்தான் லின்ட்சி வாங்கிய மீட்டர் கெட்டது. தொட்டியில் குச்சி விட்டால் நாற்பது லிட்டர், மீட்டர் முள்ளோ இருபத்தேழில் நிற்கும்.

குச்சி நான் செய்தது. தொட்டியில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, கத்தியால் கோடு கீறி, தலையில் என் பெயரையும் பொறித்தேன். எங்கள் கடலோர ஓடுதளத்தில் எவனும் மீட்டரை நம்ப மாட்டான், குச்சியைத்தான் நம்புவான்.

"பக்கத்து ஷெட்டுக்காரன் குப்பைன்னு வீசின மீட்டரைப் பொறுக்கிட்டு வந்தியாடா?" என்றேன் லின்ட்சியிடம்.

"புதுசுடா மெர்வ். எர்த் ஒயரைப் பார்த்தியா?"

பெயின்டைச் சுரண்டி எர்த் போட்டேன். ஒயர் மாற்றினேன். தொட்டிக்குள் மிதந்து மீட்டருக்கு அளவு சொல்லும் மிதவையை மாற்றினேன். இருபத்தேழு. கடைசியில் வெறுத்துப்போய் மீட்டர் முகத்தில் கறுப்பு டேப்பை ஒட்டினேன்.

"டெஸ் கேட்டா என்ன சொல்றது?" லின்ட்சிக்கு மகளைப் பற்றிக் கவலை.

"குச்சியைப் பாருன்னு சொல்லு. குச்சி பொய் சொல்லாது."

சனிக்கிழமை லின்ட்சி டெஸ்ஸோடு கடல் தாண்டி ஃபிளிண்டர்ஸ் தீவுக்குப் போகிறான். தொட்டியை எழுபது கோடு வரை நிரப்பிப் போய், அங்கே குச்சி விட்டு மிச்சத்தைப் பார்த்து, அதிலேயே திரும்புவது திட்டம். தீவில் பெட்ரோல் கிடைக்கும் என்று உறுதியில்லை.

வியாழன் மாலை, கடைசியாக ஒரு புது மிதவை மாட்டிப் பார்க்கலாம் என்று தொட்டியைக் காலி செய்தோம். குச்சி நாற்பது காட்டியது. இருபது லிட்டர் கேன் இரண்டு எடுத்து வைத்தேன். முதல் கேன் நிரம்பியது. இரண்டாவதில் அடியில் கொஞ்சம் விழுந்து, சொட்டுச் சொட்டாகி, நின்றுவிட்டது.

"குழாய் அடைச்சிருச்சு," என்றேன்.

லின்ட்சி குழாயை ஊதிப் பார்த்தான். அடைப்பு இல்லை. தொட்டிக்குள் டார்ச் அடித்தான். காய்ந்து கிடந்தது. கேனை எட்டிப் பார்த்தான். "ஏழு லிட்டர்டா."

எனக்கு மெல்ல உறைத்தது. விமானம் மூக்கை நிமிர்த்தி நிற்கிறது. பெட்ரோல் முழுக்கப் பின்பக்கம் சரிந்து கிடக்கும். குச்சி விடும் மூடியும் பின்பக்கம்தான்; அங்கே ஆழம் கூடி, குச்சி அதிகம் காட்டியிருக்கிறது. மிதவை நடுவில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை, மீட்டரின் இருபத்தேழுதான் நிஜம். நான் கோடு கீறியது மூக்குச் சக்கரம் இருந்த காலத்தில், விமானம் மட்டமாக நின்றபோது. சக்கரத்தை மாற்றியவன் குச்சியை மாற்றவில்லை. என் பெயர் பொறித்ததாயிற்றே, அது எப்படித் தப்பாகும்!

லின்ட்சி திட்டியிருந்தால் தேவலை. டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டே கேட்டான்: "திரும்பி வர எவ்வளவு ஆகும்?"

"ஒன்றரை மணி நேரம். முப்பது லிட்டர்."

"தீவுல குச்சி நாற்பது காட்டியிருக்கும், நம்பிக் கிளம்பியிருப்பேன்." டேப்பை உருட்டிக் கீழே போட்டான். "கரைக்குப் பத்து நிமிஷம் முன்னாடி, டெஸ் பக்கத்துல உட்கார்ந்திருக்க..."

 நான் ஷெட்டுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பெட்ரோல் வாடைதான் காரணம் என்று அவனிடம் சொன்னேன்.