ஏறிக்கொண்டே போன எண்ணெய்

காரின் எண்ணெய் அளவுக் கம்பியைத் துணியில் துடைத்தான். குழாயில் முழுவதும் இறக்கினான். உருவிப் பார்த்தான். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நின்றது.

போன ஞாயிறு சரியாகக் கோட்டில் நின்றது. அதற்கு முந்திய ஞாயிறு கோட்டுக்குக் கீழே. நடுவில் அவன் ஒரு சொட்டு ஊற்றவில்லை. இன்ஜின் எண்ணெய் குறைந்தால் அதில் அதிசயம் இல்லை. எங்கேயோ ஒழுகும், இல்லாவிட்டால் எரியும். தானாக ஏறுகிறதே, இது என்ன கறவை மாடா?

மனைவி போனபின் எதுவும் அவனை உறுத்தியதில்லை. சோறு வேகாவிட்டாலும் தின்றான். பேருந்து தவறினால் அடுத்ததில் போனான். இது உறுத்தியது. கையில் கம்பியோடு அப்படியே நின்றான்.

கார் அவளுடையது. மாமனார் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. பதிவு இன்னும் அவர் பேரில்தான். ஓட்டுவது அவள். ஞாயிறு காலை பானட்டைத் தூக்கிக் கம்பியை உருவிப் பார்ப்பதும் அவள். அவனுக்கும் ஓட்டத் தெரியும், லைசென்ஸும் உண்டு. ஆனால் பக்கத்து சீட்தான் அவன் இடம். காரியம் எல்லாம் முடிந்த பிறகு மாமா சொன்னார்: "வண்டியச் சும்மா போட்டா செத்துடும் மாப்ளே. டெய்லி ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க."

பண்ணினான். அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள், குள்ளம். டிரைவர் சீட்டை ஸ்டியரிங்கோடு ஒட்ட இழுத்து வைத்திருந்தாள். அவனுக்குக் கொக்குக் கால். உள்ளே நுழைந்தால் முட்டி இடிக்கும். சீட்டை அவன் நகர்த்தவில்லை. கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே ஊன்றி, சீட்டின் விளிம்பில் தொற்றிக்கொண்டு சாவியைத் திருப்புவான். இன்ஜின் உறுமும். கொஞ்ச நேரம் கேட்பான். அணைப்பான். பேருந்துக்கு நடப்பான்.

கீழ் வீட்டு வாசலில் மாமா ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றும் ஷூவுக்கு ஓய்வு கொடுக்காதவர்.

"மாமா, வண்டியில நீங்க எண்ணெய் ஏதும் ஊத்துறீங்களா?"

"நான் எதுக்கு ஊத்தணும்? அது என்ன விளக்கா, அணையாமப் பாத்துக்க?"

"அளவு ஏறிட்டே போகுது."

"ஆமா, நானும் பாத்தேன். நீங்கதான் ஊத்துறீங்கன்னு நெனச்சேன்."

"நீங்க எப்பப் பாத்தீங்க?"

மாமாவின் பிரஷ் நின்றது. பிறகு வேகமாக ஓடியது. "சும்மா, போற வர்ற வழியில. மாப்ளே பொறுப்பா இருக்காருன்னு உங்க அத்தைகிட்டகூடச் சொன்னேன்."

இருவரும் கார் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அது ஒன்றும் அறியாத பிள்ளையாய் நின்றது.

தெருக்கோடி மெக்கானிக்கை எல்லோரும் 'டாக்டர்' என்பார்கள். ஹாரன் அடிக்கவில்லை என்று போனாலும் வயிற்றைக் கிழித்துப் பார்க்கிறவர். அவர் வாசலுக்கே வந்து, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகிக் கவிழ்த்தார். அடியில் வெண்ணெய் தடவியதுபோல் வெள்ளையாய் ஒரு பசை.

"முடிஞ்சுது. தண்ணி கலந்திருக்கு சார். ஹெட் கேஸ்கெட் போச்சு, தண்ணியையும் எண்ணெயையும் பிரிச்சு வைக்கிற தகடு. அதான் மட்டம் ஏறுது. இன்ஜின இறக்கணும்."

"இறக்கினா சரியாயிடுமா?" என்றார் மாமா.

"இறக்கினாத்தான் தெரியும். ஆனா ஒண்ணு, இந்த வயசு வண்டிக்கு இது தாங்காது."

டாக்டர் போனார். மாமா வாசலிலேயே நின்றார். அத்தையின் ஜன்னல் மூடியிருந்தது. அதைத் திறந்தால் முதலில் தெரிவது கார்தான். அதனால் அவள் திறப்பதில்லை.

"மாப்ளே, ஓடுற வண்டின்னா நீங்களே வெச்சுக்கங்க. காலைல போகும், ராத்திரி வரும். ஓடாத வண்டிய வாசல்ல நிறுத்தி வெச்சுட்டு, தினம் அதையே பாத்துட்டு இருக்க என்னால முடியலை. சனிக்கிழமை மத்தியானம் புரோக்கர வரச் சொல்றேன், குடுத்துடலாம்."

"சரி மாமா" என்றான். எல்லாவற்றுக்கும் அதுதான் அவன் பதில். மாடிப்படி ஏறியபின்தான் சரி இல்லை என்று பட்டது. அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வண்டி. அவன் கையில் எப்படிக் கெட்டது? கெட்டுத்தான் விட்டதா?

மறுநாள் பானட்டை மறுபடி தூக்கினான். ரேடியேட்டர் தண்ணீருக்குத் தனியே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் தண்ணீர் கோட்டில்தான் நின்றது. இறங்கவில்லை. அங்கிருந்து போகாத தண்ணீர் எண்ணெயில் எப்படி வரும்? மூடியில் வெள்ளைப் பசை இருந்தது உண்மை. ஆனால் கம்பியில் இருந்த எண்ணெய் கறுப்பு. தண்ணீர் கலந்திருந்தால் மோர் நிறம் வந்திருக்க வேண்டும். விரலில் தேய்த்தான். வழவழப்பு போதவில்லை. முகர்ந்தான்.

பெட்ரோல்.

எண்ணெய் குடித்த நாயை விட்டுவிட்டு எதிரே வந்த நாயை அடிக்கப் பார்த்திருக்கிறார் டாக்டர். ஆனால் மூக்கு சொல்வதை மட்டும் வைத்து மாமாவிடம் பேச முடியாது. இன்ஜினுக்குள் பெட்ரோல் ஏன் இறங்குகிறது என்பதும் தெரியாது. பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் ஒழுகினால் அதுவும் ஓர் ஆபரேஷன்தான்.

அவளுக்கு மருந்து புகட்டிய சிரிஞ்ச் அலமாரியில் இருந்தது. அதன் மூக்கில் மெல்லிய குழாயை மாட்டி, கம்பி போகும் துளை வழியே கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சி எடுத்தான். டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது. போன முறை எண்ணெய் மாற்றியபோது மிஞ்சியதை அவள் அதில் ஊற்றி வைத்திருந்தாள். இரண்டையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

அவன் வேலை பெயிண்ட் கம்பெனியின் சோதனை அறையில். பெயிண்ட் எவ்வளவு கெட்டி என்று பார்க்க அங்கே ஒரு கிண்ணம் உண்டு. அடியில் துளை. துளையை விரலால் மூடி நிரப்பி, விரலை எடுத்தால் ஒழுகும். எவ்வளவு நேரம் ஒழுகுகிறது என்பதுதான் கணக்கு. மதிய இடைவேளையில் பாட்டில் எண்ணெயை முதலில் ஊற்றினான். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அது நிதானமாக இறங்கியது. பிறகு கறுப்பு. கடன்காரனைக் கண்டதுபோல் ஓடியது.

"என்ன, புது கலரா?" என்று எட்டிப் பார்த்தாள் பக்கத்து மேசைக்காரி.

"கார் எண்ணெய். பெட்ரோல் கலந்திருக்கு. எப்படின்னு தெரியல."

"அட, இன்னிக்கு வாயத் திறந்துட்டீங்களே!" என்றாள். தன் மேசையில் இருந்த, பெயிண்ட் அடித்த தகட்டை அவன் பக்கம் தள்ளினாள். "இதத் தொட்டுப் பாருங்க. ஓவன்காரங்க அவசரத்துல எடுத்துட்டாங்க. தின்னர் அப்படியே நிக்குது. பிசுபிசுங்குது."

தொட்டான். பிசுபிசுத்தது. அவன் தினமும் பார்க்கிற கோளாறு. தகடு நன்றாகச் சூடேறினால்தான் பெயிண்டில் கலந்த தின்னர் பறக்கும். பாதியில் எடுத்தால் உள்ளேயே தங்கும்.

விரல் தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. காரின் சூடு காட்டும் முள்ளை நினைத்துப் பார்த்தான். தினமும் காலையில் அதைப் பார்த்திருக்கிறான். ஒரு நாளும் அது அடியை விட்டு எழுந்ததில்லை. குளிர்ந்த இன்ஜின் பெட்ரோலை அதிகம் கேட்கும். எரியாதது இன்ஜினின் உள்சுவர் வழியே எண்ணெயில் இறங்கும். வண்டி ஓடிச் சூடேறினால் பறந்துவிடும். உள்ளே வேர்க்கிற தண்ணீரும் பறக்கும். அவன் சூடேற விட்டதே இல்லை. மூடியிலிருந்த வெள்ளைப் பசை அந்த வேர்வை.

ஆனால் ஒரு கணக்கு உதைத்தது. காலையில் மட்டும், அதுவும் கொஞ்ச நேரம். அதற்கு இவ்வளவு ஏறுமா?

மாலை மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் மெல்ல மெல்லக் கோணியது.

"அப்ப, ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி அணைச்சதுதான் தப்பா?"

"ஆமா மாமா."

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவ பண்ணினா?"

"ரெண்டு தடவ யாரு பண்றா?"

மாமா சட்டைப் பையைத் தடவினார். இன்னொரு சாவி அவரிடம்தான் இருந்தது. "நீங்க ஆபீஸ் போன பிறகு... சாயங்காலம். உங்க அத்தை கடைக்குப் போற நேரமாப் பாத்து. சும்மாதான் மாப்ளே. அந்தச் சத்தம் கேட்டா அவ வர்ற மாதிரி இருக்கும்."

காலையில் அவனும் அந்தச் சத்தத்தை அதற்காகத்தான் கேட்டான்.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது: "எனக்குத் தெரியாதாக்கும்! ரெண்டு பேரும் போட்டி போட்டு அத எழுப்புறீங்க. தூங்கறவங்கள அரைகுறையா எழுப்பினா உடம்பு கெடாம என்ன செய்யும்?"

டாக்டரை மறுபடி வாசலுக்குக் கூட்டி வந்தார்கள். அவர் இரண்டு எண்ணெயையும் முகர்ந்து பார்த்தார். தொட்டித் தண்ணீரைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"நீங்க சொல்றது இருக்கலாம். நான் சொல்றதும் இருக்கலாம். சனிக்கிழமை காலைல கொண்டாங்க, எண்ணெயும் ஃபில்டரும் மாத்துவோம். அப்புறம் முள் நடுவுல நின்னு ரொம்ப நேரம் ஆகுற வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. சும்மா நின்னு உறுமக் கூடாது, ஓடணும். வந்ததும் கம்பிய உருவுவோம். மட்டம் அசையாம, மோர் கலர் வராம இருந்தா நான் தோத்தேன்."

ஓட்டணும். அந்தச் சொல் அவன் முட்டியில் இடித்தது.

எண்ணெய்க் கடைக்கு மாமாவும் வந்தார். அலமாரி முழுக்க டப்பாக்கள்.

"இருக்கறதுலயே கெட்டியானதாக் குடும்மா" என்றார் மாமா. "தண்ணியா ஓடிப்போன இன்ஜின், கெட்டியாப் போட்டாத்தான் நிக்கும்."

கடைக்காரம்மா டப்பாவைத் தொடவில்லை. "உங்களுக்கு பிரஷர் இருக்கா சார்?"

"இருக்கு. ஏன்?"

"உங்க ரத்தம் கெட்டியானா நல்லதா? காலைல வண்டி எழுந்ததும் எண்ணெய் மேல வரைக்கும் ஓடணும் சார். கெட்டியா இருந்தா அது வந்து சேர்றதுக்குள்ள இரும்பும் இரும்பும் உரசிடும். என்ன நம்பர்னு பாத்துட்டு வந்தீங்களா?"

பார்த்திருந்தான். வெள்ளைப் பசையைத் துடைத்தபோது மூடியின் மேலேயே பொறித்திருந்தது. "அஞ்சு டபிள்யூ முப்பது."

"அப்புறம் என்ன? வண்டியே வாயத் திறந்து கேட்டிருக்கு." டப்பாவை எடுத்து வைத்தாள். மாமா அதைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். சத்தம் அவருக்குத் திருப்தியாக இல்லை.

சனிக்கிழமை டாக்டரின் ஆள் வந்து காரைத் தெருக்கோடிக்கு எடுத்துப் போனான். அவனும் ஒரு குள்ளன், சீட் அசையவில்லை. இன்ஜின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே டாக்டர் எண்ணெய் வடிக்கும் அடித்திருகைக் கழற்றினார். கறுப்பு எண்ணெய் சட்டியில் கொட்டியது; பெட்ரோல் வாசனை பட்டறையை நிறைத்தது. டாக்டர் மூக்கைச் சுருக்கினார். புது வாஷரோடு திருகை முடுக்கினார். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்கினார். புது எண்ணெய் தங்கநிறமாக இறங்கியது. கொஞ்சம் ஓடவிட்டு, நிறுத்தி, காத்திருந்து, கம்பியைப் பார்த்தார். மேல் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே.

"எடுங்க சார்" என்று சாவியை நீட்டினார்.

டிரைவர் கதவைத் திறந்தான். மாமா பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார், ஷூவோடு. அவன் நுழையப் பார்த்தான். முட்டி இடித்தது. இன்னொரு கோணத்தில் முயன்றான். ஸ்டியரிங் தொடையை அழுத்தியது.

"மாப்ளே," என்றார் மாமா, முன்னால் பார்த்தபடி. "மூணு சக்கர சைக்கிள்ல குந்தின மாதிரி இருக்கு. நம்மளப் பாத்தா ஊரு சிரிக்கும்."

இறங்கினான். குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டான். இரும்புப் பட்டை தட்டுப்பட்டது. தூக்கினான். சீட் அசையவில்லை. பலமாகத் தள்ளினான். தடதடவென்று கடைசி வரை போய் நின்றது. அது இதுவரை நின்ற இடத்துக்குப் பின்னால் தண்டவாளம் தேயாமல் புதிதாக மின்னியது. ஏறி உட்கார்ந்தான். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பின் சீட் தெரிந்தது. அதையும் திருப்பினான். தெரு தெரிந்தது.

கிளப்பினான். முதலில் இரண்டு முறை அணைந்தது. டாக்டர் எங்கேயோ பார்ப்பதுபோல் நின்றார். மூன்றாவதில் கிளம்பியது.

தெருக்களைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினான். மாமா முள்ளிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "அசையுது... அசையுது மாப்ளே... ரோட்டப் பாருங்க, நான் பாக்கறேன்... நடுவுக்கு வந்துடுச்சு!" பிள்ளை தவழ்ந்ததுபோல் கத்தினார். அதன்பின்னும் வெகுதூரம் ஓட்டினான். இன்ஜின் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. நிற்கும்போது கேட்ட சத்தத்தைவிட இது வேறாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்தபோது டாக்டர் வாசலிலேயே காத்திருந்தார். பக்கத்தில் புரோக்கர். பானட்டைத் தூக்கி, எண்ணெய் கீழே இறங்கும்வரை பொறுத்து, கம்பியை அவனே உருவினான்.

"எங்கய்யா, எண்ணெயையே காணோம்?" என்றார் மாமா.

"இருக்கு மாமா. புதுசு சட்டுனு கண்ணுக்குத் தெரியாது." கம்பியை வெயிலில் சாய்த்தான். மெல்லிய பளபளப்பு ஒன்று வந்து நின்றது. மேல் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. டாக்டர் விரலில் தொட்டார், தேய்த்தார், முகர்ந்தார்.

"தோத்தேன்" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் பாருங்க, எதுக்கும்."

புரோக்கர் டயரை ஒரு உதை உதைத்தார். "வண்டி ஓடுமா சார்?"

"ஓடுது" என்றார் மாமா. "அதனாலதான் குடுக்கலை."

கூட்டம் கலைந்தது. அத்தையின் ஜன்னல் ஒரு கை அளவுக்குத் திறந்திருந்தது. அவன் பானட்டை மூடினான்.

"மாமா, சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

"பண்ண மாட்டேன்." மாமா கொஞ்சம் நின்றார். "ஓட்டிட்டுப் போனா?"

அவர் உயரத்தைப் பார்த்தான். மகளின் அதே உயரம்.

"போங்க. சீட்ட மட்டும் முன்னால இழுத்துக்கங்க" என்றான்.