எதை முதலில் எடுப்பது

பட்டறையில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். செத்துப்போன ஹார்டு டிஸ்கைத் தூக்கிக்கொண்டு கண்ணும் மூக்கும் சிவக்க வருகிறவர்களிடம் மற்றவர்கள் "பார்க்கலாம், முயற்சி பண்ணலாம்" என்று பூசி மெழுகுவார்கள். அவள் டிஸ்கைக் காதருகே வைத்து, சுழலும் சத்தத்தைக் கேட்டுவிட்டு "வரும்" என்பாள். இல்லையென்றால் "வராது" என்பாள். நடுவில் பேச்சே கிடையாது. வாடிக்கையாளர்கள் முன்னால் அவளை விட்டால் வியாபாரம் விளங்கினாற்போல்தான் என்று முதலாளி அவளைப் பின்னறையில் உட்கார வைத்திருந்தார். ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்த மேஜை. அவளுக்கும் அதுதான் வசதி. சுவர் அழாது.

அன்று மத்தியானம் செல்போன் கடைக்காரர் வந்தார். பஜார் தெருமுனையில் போனுக்குக் கண்ணாடி ஒட்டிப் பிழைக்கிறவர். கைக்கு அடங்காத வேலை எது வந்தாலும் "நானே பார்த்துத் தர்றேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக இங்கே கொண்டுவந்து தள்ளிவிடுவார். ஊரில் பாதிக் கடைகள் செய்வது அதைத்தான். கொடுத்தவருக்குக் கடைசிவரை தெரியாது.

"கத்தரிம்மா, ஒரு சோகக் கேஸு. கீழ போட்டுட்டாராம். சொருகினா டிக்கு டிக்குங்குது. 'ஃபார்மட் பண்ணவா'ன்னு கம்ப்யூட்டர் கேட்டிருக்கு. நல்லவேளை, மனுஷன் பயந்துபோய்ப் புடுங்கிட்டார்."

"அந்த மட்டுக்கும் புத்தி இருக்கே."

"அதுல குருவின்னு ஒரு போல்டர் இருக்காம். அது வந்தா போதுமாம். மத்ததெல்லாம் போனாலும் பரவாயில்லையாம்." குரலைத் தணித்துக் கண்ணைச் சிமிட்டினார். "அப்புறம், வீட்டம்மாவுக்கு மட்டும் தெரியக்கூடாதாம். என்ன குருவியோ, எந்தக் கூடோ!"

"குருவியோ காக்காயோ, வெச்சுட்டுக் கிளம்புங்க."

பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். பச்சை ரப்பர் உறை, ஒரு மூலை கிழிந்திருந்தது. வாரா வாரம் இஸ்திரி போட்ட சட்டைகளை அடுக்கும்போது அவள் ஓரமாகத் தள்ளி வைக்கும் அதே உறை. அவள் கணவனுடைய டிஸ்க்.

கடைக்காரர் போய் வெகுநேரம் அவள் அதைத் தொடவில்லை.

குருவி யாரென்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய முதல் மனைவி. கல்லூரியில் கூடப் படித்தவள், காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். "குருவி இருந்தப்போ வீடே கலகலன்னு இருக்கும்" என்று மாமியார் வாய்க்கு வாய் சொல்வார். சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்பவள் ஞாபகம் வந்து, "நீயும் நல்ல பொண்ணுதான், படிச்சவ, அனுசரிச்சுப் போறே" என்று ஒரு ஒட்டுப் போடுவார். அனுசரிப்பதற்கா அவள் படித்தாள்? வீட்டில் முதல் ஆளாய்க் கல்லூரிப் படி ஏறி, இங்கிலீஷ் புரியாமல் கடைசி பெஞ்சில் பல்லைக் கடித்து உட்கார்ந்து பட்டம் வாங்கியது இந்தச் சான்றிதழுக்குத்தானா?

கணவனைக் குறை சொல்லவும் வழியில்லை. சாப்பிட்டாயா என்பான், அசதியாக இருந்தால் தூங்கு என்பான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் அப்படித்தானே பேசுவோம்? குருவியைப் பற்றி ஒரே ஒருமுறை கேட்டாள். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டான்.

எதுக்கு என்று இப்போது தெரிந்தது. டிஸ்க் உடைந்தால் பிழைக்க வைப்பவள் அவன் கூடவே படுத்து எழுந்திருக்கிறாள்; அவனோ தெருமுனைக்குப் போய்க் கண்ணாடி ஒட்டுகிறவரிடம் கொடுத்திருக்கிறான்.

டிஸ்கை இயந்திரத்தில் பொருத்தினாள். உள்ளே தட்டின் மேல், தூசி கூட நுழைய முடியாத உயரத்தில் மிதந்து படிக்கும் சின்ன முள்ளுக்கு ஹெட் என்று பெயர். விழுந்ததில் அது அடிபட்டிருந்தது. அடிபட்ட ஹெட் தொட்டுத் தொட்டுப் படிக்கும். படிக்கப் படிக்க அதன் ஆயுசு குறையும். எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் பட்டறையில் ஒரு சட்டம்: வாடிக்கையாளர் எதைக் கேட்டாரோ அதை முதலில் எடு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது. பலருக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

போல்டர் பெயர்கள் திரையில் வந்தன. குருவி. ஆபீஸ். மற்றவை.

அவள் 'மற்றவை'யைத் திறந்து பார்த்தாள். பழைய கரண்ட் பில்கள், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஃப்ரிட்ஜின் உத்தரவாத அட்டை. அதற்குக் கீழே 'கல்யாணம்'.

ஃப்ரிட்ஜுக்குக் கீழே அவள்.

மத்ததெல்லாம் போனாலும் பரவாயில்லையாம். அந்த 'மத்தது' யார்? அவள் அப்பா வாழ்நாளில் முதன்முறையாகப் போட்டுக்கொண்ட கோட்டு, சிரிக்கத் தெரியாமல் கேமராவை முறைத்த அம்மா, புதுச்செருப்பு கடித்து நொண்டிய அவள், எல்லாம் 'மத்தது'!

விரலுக்கு ஒரு நொடி ஆகவில்லை. 'மற்றவை'யை வரிசையில் முதலில் போட்டாள். குருவி இரண்டாவது. இருக்கும்போது அவள் முதல், செத்த பிறகும் அவளே முதலா? ஒருநாள் காத்திருக்கட்டும்.

கடைக்காரரிடம் விஷயம் கேட்டிருந்த முதலாளி கதவில் தலையை நீட்டினார். "என்னம்மா, குருவி எப்படிப் பறக்குது?"

"பறக்குது."

"நடுநடுவே நிறுத்தி மூச்சு விட விடு. சூடேறினா செத்துரும்."

"எனக்கே பாடமா?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே போனார். கத்தரியைச் சந்தேகப்பட அந்தப் பட்டறையில் ஆள் கிடையாது. அதுதான் அவளைச் சுட்டது. ஆனாலும் வரிசையை மாற்றவில்லை.

பாதிக் கல்யாணத்தில் வேகம் சரிந்தது. ஹெட் திணறுகிறது என்று அர்த்தம். இப்போது நிறுத்திவிட்டுக் குருவிக்குப் போனால் தப்பிக்கும். அவளுக்கு அது நன்றாகவே தெரியும். பொத்தான் மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை. அப்பாவின் கோட்டு இன்னும் வந்து சேரவில்லை.

கல்யாணம் முழுதாக வந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு படத்தைத் திறந்து பார்த்தாள். பக்கத்தில் அவன், வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்பவனைப் போல மரியாதையாக நின்றிருந்தான்.

பிறகு குருவி வர ஆரம்பித்தது. வந்தவரைக்கும் சோதிக்க வேண்டும், அது வேலை. ஒரு வீடியோவைத் திறந்தாள்.

சமையலறையில் ஒல்லியான ஒருத்தி ஸ்பானரை வைத்துக்கொண்டு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் முகத்தில் பீய்ச்சி அடித்தது.

"விடு குருவி, விடு! நீ தொட்டா தெருவே மூழ்கிடும்!"

"டேய் லூசு, போனைத் தூக்கிப் போட்டுட்டு வந்து பிடிடா!"

படம் எடுத்தவன் சிரித்தான். இருமல் வரும்வரை, படமே குலுங்கும்வரை சிரித்தான்.

அவள் வீடியோவை நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள். குரல் அவனுடையதுதான். அமைதியான சுபாவம், என்ன செய்வது, சிலர் அப்படித்தான் என்று இத்தனை நாளாகத் தன்னையே தட்டிக்கொடுத்து வந்திருக்கிறாளே, அது பொய். சுபாவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சிரிக்கிறவனைக் குருவி கையோடு கொண்டுபோய்விட்டாள். மிச்சம் இருந்ததைத்தான் இவளுக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். செத்தவள் மேல் பொறாமைப்படுவது வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதால் அது குறைந்துவிடவில்லை. அந்த ஒல்லிக் கையிலிருந்த ஸ்பானர் மேல்கூடப் பொறாமையாக இருந்தது.

அப்போதுதான் இயந்திரத்திலிருந்து ஒரு கிறீச்சல் வந்தது. பிறகு சத்தமே இல்லை.

ஹெட் போய்விட்டது, தட்டையும் கீறிவிட்டு. இனி யாராலும் ஒன்றும் எடுக்க முடியாது. குருவியில் மூன்றில் ஒரு பங்கு வெறும் பெயராக மட்டும் திரையில் நின்றது. எல்லாம் கடைசி வருடத்து வீடியோக்கள்.

'டிஸ்க் தாங்கவில்லை' என்று சொன்னால் போதும். உலகத்தில் ஒருவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அந்தச் சொல்லை பஸ்ஸில் வீடுவரை வாயில் அடக்கிக்கொண்டே போனாள்.

அவன் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். "வந்துட்டியா? முகம் வாடியிருக்கே. சாப்பிட்டியா?"

மீட்டதை ஏற்றிய புது டிஸ்கை அவள் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் பச்சை உறையை வைத்தாள். அவன் கையிலிருந்த துண்டு நழுவியது.

"இது... இது எப்படி உன்கிட்ட?"

"எந்தக் கடையில குடுத்தாலும் கடைசியில என் மேஜைக்குத்தாங்க வரும். பொண்டாட்டி வேலை எப்படி நடக்குதுன்னு ஒருநாளாவது கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பார்த்தியா?"

"பார்த்தேன். பாக்கறதுதான் என் வேலை."

அவன் புது டிஸ்கைத் தொட்டுப் பார்த்தான். "எல்லாம் வந்துச்சா?"

வாயில் இருந்த சொல் நாக்கு நுனிவரை வந்தது. இப்போது சொன்னால் அவன் தலையாட்டுவான், நன்றி சொல்வான், தூங்கு என்பான். சாகும்வரை அப்படியே தலையாட்டிக்கொண்டிருப்பான்.

"வரல. கடைசி வருஷம் போச்சு. அவங்களோடதை முதல்ல எடுக்கச் சொன்னீங்க. நான் நம்ம கல்யாணத்தை எடுத்தேன். முள்ளு பாதியில திணறுச்சு, நான் நிறுத்தல. நிறுத்தியிருந்தா அவங்களோடது இன்னும் வந்திருக்கும்."

"தெரிஞ்சே செஞ்சியா?"

"தெரிஞ்சேதான்."

அவன் முகம் நிறம் மாறியது. "உனக்கு என்ன உரிமை இருக்கு? சொல்லு! அதுல அவ கடைசியா பேசினது இருந்துச்சு. அந்தக் குரல் வேற எங்கேயும் இல்ல. நீ யாரு அதை அழிக்க? மனுஷிதானா நீ?" மடித்து வைத்திருந்த துணிக் குவியலை அப்படியே தரையில் தள்ளினான்.

அவள் ஓரடிகூடப் பின்வாங்கவில்லை.

"செஞ்சது தப்பு. ஆயுசுக்கும் தப்பு. ஆனா நேரா என் கையில குடுத்து 'இது எனக்கு வேணும்'னு கேட்டிருந்தா, வயிறு எரிஞ்சாலும் முழுசா எடுத்துக் குடுத்திருப்பேன். என்னை ஃப்ரிட்ஜுக்குக் கீழ போட்டு வெச்சுட்டு, தெருவுல போறவர்கிட்ட 'மத்தது போனா பரவாயில்ல'ன்னு சொன்னது யாரு?"

"உன்கிட்ட எப்படிக் கேக்கறது? செத்தவளை எடுத்துக் குடுன்னு உன்கிட்டயே கேக்கச் சொல்றியா?"

"கேட்டிருக்கணும். கத்தியிருக்கணும். இப்ப கத்தறீங்களே, இந்த மாதிரி ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது!"

அவன் நாற்காலியில் விழுந்தான். தோள் குலுங்கியது. அவள் தேற்றப் போகவில்லை. தேற்றுகிற உரிமையை அன்று மத்தியானமே தொலைத்துவிட்டாள். துணிகளையும் பொறுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவன் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தான். புது டிஸ்கின் ஒயரை எடுத்தான். கை ஆடியதில் அது துளைக்குள் போகவே இல்லை.

"நின்னு என்ன பாக்கறே?" என்றான். "வந்து சொருகித் தொலை."

வந்து சொருகினாள். அவன் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவளாகவே எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து திரை தெரியாது, அவன் முகம்தான் தெரியும்.