டெஸ்மண்டின் நகராத கேரவன்

ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆறு ஒரே பாய்ச்சலில் வந்து ஆளை அள்ளிக்கொண்டு போகிற ரகம் இல்லை. மலைப்பக்கம் கொட்டிய மழை கரையோரம் இருக்கும் எங்கள் கேரவன் முகாமுக்கு வந்து சேர வாரக்கணக்காகும். இந்தச் சோம்பல்தான் எனக்கு வினை. "வரட்டும், பாத்துக்கலாம்" என்று என் வாடகைக்காரர்கள் பீரும் கையுமாகக் கரையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் லெஸ்லி, இந்த முகாமின் மேலாளர். என் சட்டம் ரொம்பச் சின்னது. கேரவன் என்பது வண்டியில் கட்டி இழுக்கிற வீடு, அது எந்நேரமும் சக்கரத்தோடு நிற்க வேண்டும். அதை ஒட்டி எதைக் கட்டினாலும் ஸ்பேனரால் கழற்றும்படி கட்ட வேண்டும். வெள்ளம் வந்தால் இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விடலாம், அவ்வளவுதான். வருஷம் ஒருமுறை ஒத்திகையும் உண்டு. எல்லா வண்டியும் வாசல்வரை போய்த் திரும்ப வேண்டும்.

டெஸ்மண்ட் மட்டும் ஒருமுறைகூட அசைந்ததில்லை. வீட்டை விற்றுவிட்டு மனைவி நோரீனோடு இங்கேயே குடியேறியவன். அந்தக் கேரவனை விட்டால் இருவருக்கும் வேறு கூரை கிடையாது. அப்பேர்ப்பட்டவன் என்ன செய்தான் தெரியுமா? கேரவனோடு சேர்த்து ஒரு மரத்தளத்தை ஆணியடித்து, அதன்மேல் பார் கட்டினான்! ஒத்திகை நாளில் அவனும் அவன் சேக்காளிகளும் அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்து, வேர்க்க விறுவிறுக்க வண்டி இழுப்பவர்களுக்குக் கைதட்டுவார்கள். நோரீன் தட்டும் கையுமாக ஓடிக்கொண்டிருப்பாள்.

போன வசந்தத்தில் வெள்ள எச்சரிக்கை வந்தது. இரவுக்குள் கரை வழிந்துவிடும் என்றார்கள். மற்ற வண்டிகளெல்லாம் காலையிலேயே மேடேறிவிட்டன. டெஸ்மண்டின் பாரில் மட்டும் கூட்டம் குறையவில்லை.

"யோவ் டெஸ், கெளம்பப் போறியா இல்லையா?"

"மேனேஜரம்மா, உன் ஆத்தைவிட ஆமை வேகமா வரும். ஒரு பீர் குடிச்சுட்டுப் போ."

கரையோரம் கிடந்த மீன் வெட்டும் மேஜையின் காலை அதற்குள் தண்ணீர் நனைத்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து கேரவனுக்கு அடியில் பார்த்தேன். செங்கல் அடுக்கியிருந்தது. சக்கரம் ஒன்றுகூட இல்லை.

"சக்கரம் எங்கய்யா?"

டெஸ்மண்டின் சிரிப்பு நின்றது. "கழட்டி பல வருஷமாச்சு. எவனுக்கோ குடுத்துட்டேன்னு நெனைக்கிறேன்."

"குடுத்துட்டியா? நாளைக்கு உன் பொண்டாட்டி எங்கய்யா படுப்பா?"

அவன் முகம் வெளுத்துப்போனது. நியாயமாகப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

நோரீன் தட்டைக் கீழே வைத்தாள். "யாருக்கும் குடுக்கல. அது மேலதான் எல்லாரும் உக்காந்திருக்கானுங்க."

சேக்காளி ஒருவனைத் தள்ளிவிட்டு, அவன் முக்காலியின் மெத்தை உறையை உருவினாள். உள்ளே டயர், ரிம்மோடு. மரக்கட்டைமேல் வைத்துத் திருகியிருந்தது. நான்கு முக்காலியும் அப்படித்தான். என் சட்டத்தைக் கிண்டலடித்தவர்கள் இத்தனை காலமும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்!

"முக்காலி ஆக்கினவன் மறந்துட்டான், உறை தைச்சவளுக்குத் தெரியாதா? எந்திரிங்கடா எல்லாரும்!" என்றாள் நோரீன்.

எழுந்தார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் மாட்டி, காற்றடிப்பதற்குள் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது. டிராக்டரைக் கொண்டுவந்து இழுத்தேன். கேரவன் முனகியது, நகரவில்லை. மரத்தளம் விடவில்லை.

"அறுக்கணும்" என்றேன்.

டெஸ்மண்ட் பாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "நோரீன், என் கையால கட்டினதும்மா இது..."

"அதான் உன்னை அறுக்கச் சொல்லல" என்று நோரீன் என் மோட்டார் ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவ்வளவு ஆசையாக மரம் அறுத்த பெண்ணை நான் பார்த்ததில்லை. மிதந்துபோய் யாரையாவது இடித்துத் தொலைக்கக் கூடாதே என்று, அறுத்த தளத்தின் மிச்சத்தைச் சங்கிலி போட்டு மரத்தில் கட்டினேன். கேரவன் மேடேறியது.

சாயங்காலம் பார் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடியது. மேட்டில் இருந்தது ஒரே மடக்கு நாற்காலி. நோரீன் அதில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள்.

"நான் எங்க உக்கார்றது?" என்றான் டெஸ்மண்ட்.

"உன் முக்காலிக்கு வேலை கெடைச்சிருச்சு. நீ போய் எனக்கு ஒரு பீர் கொண்டா."

போனான்.