படகிலிருந்து இறங்கியவர்கள்

மலைக்கிராமங்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டின் கிளை நூலகச் சுவர்களில் உலகக் கதைகளை வரைய சேலத்திலிருந்து ஜான்பீட்டர் என்ற ஓவியர் வந்திருந்தார். ஏற்பாடு செய்தவள் நூலகர் கிருஷ்ணகுமாரி. அவளும் மலைக்குப் புதியவள்தான். மாற்றலாகி வந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது.

வாசல் சுவரில் ஒற்றைக்கண் அரக்கன் ஆடு மேய்த்தான். ஜன்னலுக்கு மேலே கம்பளம் பறந்தது. கடைசியாகப் பின்சுவரில், செத்தவர்களை ஏற்றிக்கொண்டு இருண்ட ஆற்றைக் கடக்கும் படகை வரைந்தார்.

"அநேகமா எல்லா நாட்டுப் புராணத்துலயும் இப்படி ஒரு ஆறு வருது மேடம்," என்றார்.

படகில் இருந்தவர்கள் எல்லோரும் அக்கரையைப் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் பெருக்க வந்த பெருமாயி அந்தச் சுவரின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, எம்பையன உங்களுக்கு எப்படித் தெரியும்?"

படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒல்லியான இளைஞனை அவள் கை காட்டியது. அவனது இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு.

"யாரையும் பார்த்து வரையலைங்கம்மா. மனசுல வந்த முகம்," என்றார் ஜான்பீட்டர்.

"பலா மரத்துலருந்து உழுந்த தழும்புங்க அது. எங்க அர்த்தனாரியேதான்."

கேரளாவில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போன பெருமாயியின் மகனிடமிருந்து போன மழைக்குப் பிறகு போனே இல்லை. ஜான்பீட்டர் அவனைப் பார்த்திருக்க வழியில்லை.

"இது எங்க போற படகுங்க?" என்று பெருமாயி கேட்டாள்.

ஜான்பீட்டர் கிருஷ்ணகுமாரியைப் பார்த்தார்; அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிலேயே பெருமாயிக்குப் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை. ஓவியரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன எறக்கி உடுங்க சாமி. இந்தக் கரையில நிக்கட்டும்."

"சுவத்துல மாத்துனா என்னம்மா ஆகப்போகுது?"

"நீங்கதான ஏத்துனீங்க? நீங்களே எறக்குங்க."

ஜான்பீட்டர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். அவனைச் சுரண்டி எடுத்துவிட்டு, இக்கரைப் புல்லின் மேல் அதே தழும்போடு நிறுத்தினார். முடியும்வரை பெருமாயி நகரவில்லை. மாலையில் கிருஷ்ணகுமாரி கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு கொண்டுபோனாள்.

காலையில் திறந்தபோது, கரையில் நின்றவனின் பேன்ட் முழங்கால்வரை நனைந்து கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். வண்ணம் காய்ந்துதான் இருந்தது.

"இதை நான் வரையல மேடம்." ஜான்பீட்டர் படகைக் காட்டினார். "அங்க பாருங்க."

படகில் மிச்சமிருந்தவர்களின் முகங்கள் இக்கரைப் பக்கம் திரும்பியிருந்தன.

அன்றைய பஸ்ஸிலேயே அவர் மலையைவிட்டு இறங்கிவிட்டார்.

அந்த வாரமே அர்த்தனாரி வீடு வந்து சேர்ந்தான். காட்டாற்று வெள்ளம் அடித்துப்போய், ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் பேர்கூடத் தெரியாதவனாகக் கிடந்திருக்கிறான். ஒரு நாள் மாலை திடீரென்று கண் விழித்து ஊர்ப் பெயரைச் சொன்னானாம். பெருமாயி அவனை நூலகத்துக்குக் கூட்டி வந்தாள்.

அவன் தன் உருவத்தைப் பார்க்கவே இல்லை. படகில் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணிடம் போய் நின்றான்.

"இந்தக்கா எம்பக்கத்துலதான் உக்காந்திருந்துச்சுங்க மேடம். நான் எறங்கறப்ப எங்கையப் புடிச்சுட்டு, எங்களையும் எறக்கச் சொல்லு கண்ணுன்னுச்சு."

"யாரு அது? எந்த ஊரு?"

"தெரியலீங்க."

கிருஷ்ணகுமாரி ஜான்பீட்டருக்குப் போன் செய்தாள். இனி அந்தப் பக்கமே வரமாட்டேன் என்றார் அவர். பெருமாயி போனை வாங்கினாள்.

"அந்தப் புள்ளைக்கும் கொழந்தைக்கும் கேக்க ஆளு இல்லீங்க போல இருக்குது. நாங் கேக்கறேன். வாங்க சாமி."



"வரேங்கம்மா," என்றார் அவர் கடைசியில்.

வந்தார். பெண்ணையும் குழந்தையையும் சுரண்டி எடுத்து, புல்மேல் நிறுத்திவிட்டு, அன்று கிருஷ்ணகுமாரியோடு சேர்ந்து தானும் பூட்டிய கதவை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் படகில் அந்த இடம் காலியாக இருந்தது. கரையிலும் அவர்கள் இல்லை; அர்த்தனாரியின் உருவம் மட்டும் நின்றது. ஆற்றின் அதே கருநீல வண்ணத்தில் ஒரு பெண்ணின் காலடிகள் புல்லைக் கடந்து சுவரின் விளிம்புவரை போயிருந்தன. அதற்கப்பால் கதவு.

அவர்கள் யார், எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவரவில்லை.

ஜான்பீட்டர் காலடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படகிலிருந்த அடுத்த ஆளுக்கு நேராக ஏணியை நகர்த்தினார்.