மச்சானின் முதுகு

ஆயிரம் பேர் தலைக்கு மேலே மிதந்து போய்த் தன் மச்சானை மேடைக்குக் கூப்பிட்ட ஒரே ஆள் இந்தப் பூமியில் நான்தான். திருவள்ளூர் மண்டபத்தில், மூத்த மகள் காயத்ரி கல்யாணத்தில் நடந்தது. என் கால் தரையில் படவேயில்லை. கையில் ஏந்திய தட்டில் வேட்டி சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை.

சிரிக்கிறீர்களா? என் மனைவி செல்வியும் சிரித்தாள். அவள் தம்பி குப்புராஜ் மட்டும் சிரிக்கவில்லை. பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டிய தாய்மாமனை மேடைக்கு அழைத்து மரியாதை செய்யவில்லை என்று, சாப்பிடாமல் கடம்பத்தூருக்குப் போனவன், பிறகு என் வாசலை மிதிக்கவில்லை. இப்போது இளையவள் இளமதிக்குக் கல்யாணம். மாமன் வந்து பட்டம் கட்டாமல் மணையில் உட்கார மாட்டேன் என்கிறாள். பத்திரிகையோடு போன செல்வியிடம் அவன் சொன்னானாம்: "உன் ஊட்டுக்காரர் கம்பெனில உருக்குன இரும்பைவிட வுட்ட ரீலு ஜாஸ்திக்கா!"

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் வேலை பார்த்த காலம் முழுக்க நான் கதை அளந்தது உண்மைதான். ஆனால் இது நிஜம். பந்திக் கதவு திறந்ததும் கூட்டம் முண்டியடித்தது. கோபித்துக் கிளம்பிய மச்சானைக் கூப்பிடத் தட்டோடு ஓடி நடுவில் சிக்கிய என்னை ஆலை நண்பர்கள் தூக்கி, கைக்குக் கை கடத்தினார்கள். அவர்கள் சாட்சிக்கும் போனார்கள். என்னைவிடப் பெரிய புளுகர்கள் என்று குப்புராஜ் துரத்திவிட்டான். பொய்யை நாம் விளையாட்டாகத்தான் சொல்கிறோம். ஒருநாள் உண்மையும் அதே வாயால்தான் வெளியே வர வேண்டியிருக்கிறது.

இளமதி தன் கல்யாண அழைப்பு வீடியோவில் சேர்க்க அக்காவின் கல்யாணக் காட்சி கேட்டாள். டிவிடியை எடுத்துக்கொண்டு சிப்காட் பக்கம் வீடியோ எடிட் பண்ணும் ஏஞ்சலின் கடைக்குப் போனேன்.

"அப்டியே வெட்ட முடியாது அங்கிள். மொதல்ல எடிட் பண்ற ஃபைலா மாத்தணும்," என்று டிஸ்க்கைக் கணினிக்குள் தள்ளினாள்.

மேடையிலிருந்து மண்டபத்தைப் பார்த்து எடுத்த காட்சி ஓடியது. முன்னால் மணமக்கள், அவர்கள் மேல் வீடியோக்காரன் கிராபிக்ஸில் கொட்டிய ரோஜா இதழ்கள்.

"பின்னாடி வெள்ளையா இன்னாவோ பறக்குது. பலூனா?"

"நான்தாம்மா அது!"

டிவியில் இத்தனை வருஷம் கடுகாகக் கிடந்த மூலையை அவள் வெட்டி, பெரிதாக்கி, மெதுவாக ஓடவிட்டாள். நான் "மச்சான்!" என்று கத்தியது மட்டும் இல்லை. வீடியோக்காரன் மேலே பாட்டைப் போட்டு மூடியிருந்தான்.

கடம்பத்தூர் வயலில் மோட்டார் கொட்டகை வாசலில் நின்ற குப்புராஜிடம் செல்போனை நீட்டினேன்.

"கிராபிக்ஸ் பண்ணிக்கினு வந்துகீறியா மாமா?"

"ஓரத்துல பாருடா."

ஓரத்தில் ஒரு முதுகு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. தோளில் பச்சைத் துண்டு. அதற்குப் பின்னால், எட்டினால் தொடும் தூரத்தில், அந்தரத்தில் நான், நீட்டிய தட்டு, திறந்த வாய்.

மறுபடி ஓடவிட்டான். மறுபடியும். அந்த முதுகு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. எனக்கு நாக்கு நமநமத்தது. கடித்துக்கொண்டேன்.

"இளமதிக்கு முகூர்த்தம் எத்தினி மணிக்கு?" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னேன். தலையாட்டினான்.

"நெசமாத்தான் வந்துகீற மாமா. தலைங்க மேலதான் வந்துகீற. நான்தான் திரும்பிப் பாக்காம பூட்டேன்."