ஒத்திகைப் போரில் ஏழு இலை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பசியில் பிறந்தது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், சோற்றின்மேல் கறிக்குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டாருக்கு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் யார் என்று ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அட, இதை வைத்து ஒரு பீரங்கியையே பிடிக்கலாமே!

முதல் வரி: '1936. பினாங்குக் கடலின்மேல் போர்மேகங்கள் சூழ்ந்து...' சீச்சீ. அடித்துவிட்டேன்.

2.
நாகூர் மீரான் தோள்கம்பில் சோற்றுப் பானையும் கறிச்சட்டியும் தொங்க, மத்தியானம் பீரங்கி முகாமுக்குள் போகிறார். ஊரில் நல்ல தெருமுனைகளையெல்லாம் மற்றவர்கள் பிடித்தாயிற்று. முகாமுக்குள் விடும் பாஸ் போனால் அவருக்குக் கம்பை இறக்க இடமே கிடையாது. (இதை மறந்துவிடாதீர்கள்.)

அன்று ஒத்திகைப் போர். கையில் நீலப் பட்டி கட்டியவர்கள் பீரங்கியைக் காக்கவேண்டும். சிவப்புப் பட்டிக்காரர்கள் வந்து தொட்டால் ஜெயித்தார்கள். காவலுக்குச் சீமையிலிருந்து வந்த காது மிஷின். வானத்தைப் பார்த்து நாலு பெரிய குழல். அதன் ரப்பர் குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு சிப்பாய் வாசு.*

"என்னா தம்பி கேக்குது?"

"பத்து மைலுக்கு அப்பால ஏரோப்ளேன் வந்தாலும் கேக்கும்ண்ணே!"

"நான் வந்தது?"

"இல்லலா அண்ணே. வாசனைதான் வந்துச்சு."

குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு முதல் ஆளாய் வந்து நின்றான். மற்ற நீலங்களும் ஓடிவந்தன.

(*வாசுவை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. மீன்தலைக் கறி என்றால் நானும் கழற்றியிருப்பேன்.)

3.
வரிசையில் நிற்பவனை யார் எவர் என்று மீரான் கேட்கமாட்டார். இலையைப் போடுவார், குழம்பை ஊற்றுவார். கடைசியில் ஏழு பேர் நின்றார்கள். முழங்கால்வரை ஈரம், கையில் சிவப்புப் பட்டி. சம்பான் படகில் துடுப்புப் போட்டு வந்திருக்கிறார்கள். மீரான் பார்த்தார். பார்த்தும் ஊற்றினார்.

நீலத்தில் ஒருத்தன்கூட இலையைவிட்டு நிமிரவில்லை. ஏழு பேரும் தின்றுமுடித்து, சாவகாசமாக நடந்துபோய்ப் பீரங்கியைத் தொட்டார்கள். அதன்மேல் ஏழு மஞ்சள் கைத்தடம்!

"சரியான எம்டனுங்கலா!" மீரான் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதுதான் வினை.

4.
மேஜர் துரை பாஸைப் பிடுங்கிக்கொண்டார். "சிவப்புப் பட்டி உன் கண்ணில் படவில்லையா?"

முடிவு அ: "படல தொரை." பாஸ் திரும்பும். ஆனால் மீரான் பொய் சொல்லி நான் பார்த்ததே...

முடிவு ஆ: "பட்டுச்சு தொரை. பசிச்ச மூஞ்சியும் பட்டுச்சு." நீங்கள் கைதட்டுவீர்கள், பிழைப்பு போவது அவருக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்று விட்டுப்போச்சு. துரை காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. (நான்தான் பட்டினி போட்டேன். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரமாவது வேண்டாமா?) ஒரு கையில் பாஸ். மறு கை, அவருக்கே தெரியாமல், ஓர் இலையை எடுத்து நீட்டிவிட்டது. சட்டியில் கடைசிக் கரண்டிக் குழம்பு.

ஊற்றுவதா, வேண்டாமா? இந்தாருங்கள் கரண்டி, நீங்களே பிடியுங்கள். அதற்குமுன் ஒருதரம் திரும்பி, பின்னால் யார் நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.