பக்கத்து சீட்டு மூட்டை

வரமாட்டேன் என்று சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் கணவர் பேசுகிற உற்சாகத்துக்கு நடுவே அதை எங்கே நுழைப்பது? தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளர். இந்தப் புறநகருக்கு மாற்றலாகி ஒரு வருடம் ஓடிவிட்டது. ஏரி இருக்கிறது, குன்று இருக்கிறது, மியூசியம்கூட இருக்கிறது, ஒரு தடவை வந்து பார், திரும்பிப் போகவே மாட்டாய் என்று தினமும் அளந்துவிடுவார். மனுஷன் அங்கே ராஜா மாதிரி ஊர் சுற்றுகிறார், நாம்தான் இங்கே மாடாய் உழைக்கிறோம் என்று அவளுக்கு உள்ளூர எரிச்சல்கூட உண்டு.

அவளுக்குத் தையல் கடை. ஒரே ஒரு பழைய மெஷினை வைத்து ஆரம்பித்தது. இன்று நாலு பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள், இரண்டு பள்ளிகளுக்குச் சீருடை போகிறது. அதை இழுத்து மூடிவிட்டு வா என்று அவர் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காததுதான் பெரிய தொல்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் கண் நேராக அவர் இடுப்புக்குப் போனது. தையல்காரி கண்ணுக்கு டேப் வேண்டியதில்லை. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. டயட் என்றார். டயட்டாம்! சோறு வடிக்கச் சோம்பல் என்று சொன்னால் கிரீடம் இறங்கிவிடுமோ?

தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த வீடுகள். அவருடையதில் இரண்டு அறை. ஒன்றில் கட்டில், ரேடியோ, ஒற்றை நாற்காலி. இன்னொன்று காலி. ஜன்னலை ஒட்டி, உட்கார்ந்தபடியே கைக்கு எட்டுகிற உயரத்தில், புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் போட்டிருந்தார். அதற்கு மேலே ஒரு விளக்கு. மெஷினுக்கு என்று அவர் சொல்லவில்லை. இந்த அறையில் வெளிச்சம் நன்றாக வரும் என்று மட்டும் சொன்னார்.

அப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். முகம் கழுவக்கூட விடவில்லை. ஒரு டம்ளர் டீயை அரை மணி நேரம் ஊதி ஊதிக் குடிக்கிற மனுஷனுக்கு அன்று என்ன வந்ததோ, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

குன்று என்றது ஒரு மேடு. படியேறிப் போய்ப் பார்த்தால் கீழே கூரைகளும் தண்ணீர்த் தொட்டிகளும்தான். அவற்றில் தன் நிலையத்தின் தொட்டி எது என்று பெருமையாகக் காட்டினார். அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அடுத்தது மியூசியம். ஒரே அறை, அதை அடைத்துக்கொண்டு ஒரு பழைய தீயணைப்பு வண்டி. டிக்கெட் கொடுக்கிற பெண் தலையைத் தூக்காமலே, வழக்கம்போல ஒன்றுதானே சார் என்று கிழிக்கப் போனாள். இவர் குரலை உயர்த்தி, "ரெண்டு" என்றார். பரிசு வாங்கியவர் குரல் அது. அந்தப் பெண் நிமிர்ந்து இவளை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

சாயங்காலம் ஏரி. கரையில் ஒரு கொட்டகை, நாலைந்து மிதிபடகுகள். இவரைப் பார்த்ததும் படகுக்காரர் ஒன்றும் கேட்காமல் கொட்டகைக்குள் போய், ஒரு மணல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாதி வழியில் இவளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அது எதுக்கு?" என்றாள்.

கணவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தை ஆளா உக்காந்தா படகு ஒரு பக்கமா சாஞ்சிடும்மா," என்றார் படகுக்காரர். "அதான், சார் வந்தா பக்கத்து சீட்டுல இதை வச்சிடுவேன். ஞாயித்துக்கிழமை தவறவே மாட்டார். நடுவுல வாய் பிரிஞ்சு போச்சு, சாரே ஊசி நூல் கொண்டாந்து தைச்சார்."

அவள் மூட்டையின் வாயைப் பார்த்தாள். கோணலும் மாணலுமாக, ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. தையல்காரி புருஷன் தைத்த லட்சணம். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஒரு வருடமாக ராஜா ஊர் சுற்றியது இந்த மூட்டையோடுதான் என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மூட்டை இருக்கும் இடத்தில் உட்கார்ந்து மிதித்தாள். படகு நேராகப் போகாமல் வட்டம் போட்டது. மூட்டை ஆள் கனம் இருக்காது; அவர் பக்கமே இழுக்கிற படகைச் சரிக்கட்ட, திருப்புகிற கம்பியை எதிர்ப்பக்கம் தள்ளியே பிடித்துப் பழகியிருந்தது அவர் கை.

"கையை எடுங்க, நான் பிடிக்கிறேன்," என்றாள். படகு நேரானது.

நடு ஏரிக்கு வந்தபிறகு, இதற்கு மேல் தள்ளிப்போட்டால் சொல்லவே மாட்டோம் என்று பயந்து சொல்லிவிட்டாள். "நான் வரலைங்க. கடையை விட முடியல. விட மனசும் இல்ல."

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"போன்ல கடையைப் பத்திப் பேசறப்பதான் உன் குரலே நல்லா இருக்கும்." இன்னும் கொஞ்ச தூரம் மிதித்தார். "அதான் எல்லாத்தையும் ஒரே நாள்ல காட்டிட்டேன். நீ வர்றதா இருந்தா வாரத்துக்கு ஒண்ணுன்னு நிதானமா பார்த்திருக்கலாம்."

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஓய்வு பெற இன்னும் சில வருடம்தானே என்று சொல்ல நினைத்தாள். அந்தச் சில வருடத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று தோன்றியதும் அதை விட்டுவிட்டுக் கம்பியைக் கரைப் பக்கம் திருப்பினாள். கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவள் முதலில் இறங்கினாள். கால் தரையில் பட்டதுமே படகு அவர் பக்கமாகச் சரிந்தது. படகுக்காரர் பழக்க தோஷத்தில் மூட்டையைத் தூக்க ஓடினார்.

"வேண்டாம், இருங்க," என்றாள்.

கரையில் மண்டியிட்டு, காலியான அந்தப் பக்கத்தை அவர் எழுந்து இறங்கி முடிக்கும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.